தன் நெற்றி தனக்குத் தெரியாது

கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிற நண்பர்கள், கணிதத் துறை மூன்றாமாண்டு மாணவி எழுதியது என்று கண்டதும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த கவிதைக்குத் தாவிவிடக்கூடும். சற்றே பொறுங்கள். இந்தக் கட்டுரையில் கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை, நுண்கணிதம் இல்லவே இல்லை. ஒருவர் மனத்தில் இருப்பதை இன்னொருவர் எண்ணிப் பார்ப்பது மட்டுமே உண்டு. அதை நாம் நாள்தோறும் செய்கிறோம். பேருந்தில் நடத்துனர் “சில்லறை இல்லை” என்று சொல்லும்போது, அவர் பையில் என்ன இருக்கிறது என்று அவர் முகத்தைப் பார்த்தே நாம் கணக்குப் போடுவதில்லையா? அந்தக் கணக்குத்தான் இது.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சிங்கப்பூரில் பள்ளி மாணவர்களுக்கு நடந்த ஒரு கணித ஒலிம்பியாட் போட்டியில் கேட்ட வினா ஒன்று, சில நாள்களுக்குள் உலகையே சுற்றி வந்துவிட்டது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு என்று வைத்த வினா. பெரியவர்கள், அதுவும் படித்த பெரியவர்கள், தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். வினா இதுதான்.

செரில் என்று ஒரு பெண். ஆல்பர்ட், பெர்னார்டு என்று இரு புதிய நண்பர்கள். பிறந்தநாள் எப்போது என்று அவர்கள் கேட்க, அவள் நேராகச் சொல்லவில்லை. பத்து நாள்களை எழுதிக் காட்டி, இவற்றுள் ஒன்று என்றாள். மே 15, 16, 19. ஜூன் 17, 18. ஜூலை 14, 16. ஆகஸ்ட் 14, 15, 17. பிறகு ஆல்பர்ட்டிடம் மாதத்தை மட்டும் தனியே சொன்னாள். பெர்னார்டிடம் தேதியை மட்டும் தனியே சொன்னாள். (எங்கள் ஊர்ப் பக்கம் ஒருத்தி இப்படிப் புதிர் போட்டால், “நீ பிறந்தால் என்ன, பிறக்காவிட்டால் என்ன” என்று எழுந்து போயிருப்பார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பொறுமைசாலிகள்.) அதன்பின் இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

“செரிலின் பிறந்தநாள் எனக்குத் தெரியாது. ஆனால் பெர்னார்டுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்” என்கிறான் ஆல்பர்ட்.

“முதலில் எனக்குத் தெரியவில்லை; இப்போது தெரிந்துவிட்டது” என்கிறான் பெர்னார்டு.

“அப்படியானால் எனக்கும் தெரிந்துவிட்டது” என்கிறான் ஆல்பர்ட்.

அவ்வளவுதான். செரில் என்று பிறந்தாள்?

இதை முதன்முதலில் படித்தபோது, இதில் தகவல் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது. இரண்டு பேர் மாறி மாறித் “தெரியாது, தெரிந்துவிட்டது” என்கிறார்கள். அதிலிருந்து ஒரு நாளைப் பிடிப்பதா? ஆனால் தகவல் முழுவதும் அந்தத் “தெரியாது”க்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. பாருங்கள். பத்து நாள்களில் 18 என்னும் தேதி ஒரே முறைதான் வருகிறது, ஜூனில். 19ஆம் ஒரே முறைதான், மே மாதத்தில். பெர்னார்டின் காதில் 18 என்றோ 19 என்றோ விழுந்திருந்தால் அவன் அந்த நொடியே பிறந்தநாளைச் சொல்லியிருப்பான். ஆல்பர்ட்டோ, பெர்னார்டுக்குத் தெரியாது என்று அடித்துச் சொல்கிறான். மாதம் மட்டுமே அறிந்த அவனால் எப்படி அடித்துச் சொல்ல முடியும்? அவன் காதில் விழுந்த மாதத்தில் 18ஆம் இல்லை, 19ஆம் இல்லை என்றால்தான் முடியும். எனவே மே போயிற்று, ஜூன் போயிற்று.

மீதி ஜூலை 14, 16. ஆகஸ்ட் 14, 15, 17. இந்த அளவுக்குப் பெர்னார்டும் எண்ணியிருப்பான். எண்ணியவன் “இப்போது தெரிந்துவிட்டது” என்கிறான். அவன் தேதி 14ஆக இருந்தால் ஜூலையா ஆகஸ்டா என்று இன்னும் திண்டாடிக்கொண்டிருப்பான். ஆகவே 14 இல்லை. மீதி ஜூலை 16, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 17. இப்போது ஆல்பர்ட் “எனக்கும் தெரிந்துவிட்டது” என்கிறான். அவன் மாதம் ஆகஸ்டாக இருந்தால் இரண்டு நாள்களுக்கு நடுவே நின்றிருப்பான். ஆகவே ஜூலை 16.

உலகத்தில் பலர் ஆகஸ்ட் 17 என்று விடை சொல்லிச் சண்டை பிடித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. பெர்னார்டு தன் வாயாலேயே முதலில் “எனக்குத் தெரியாது” என்று சொல்லியிருந்தால், 18ஆம் 19ஆம் மட்டுமே நீங்கும். மே, ஜூன் மாதங்களின் மற்ற நாள்கள் நிற்கும். அதன்பின் ஆல்பர்ட்டும் தெரியாது என்றால் ஜூன் 17 நீங்கும். பிறகு பெர்னார்டுக்குத் தெரிந்துவிட்டது என்றால் 17தான், ஆகஸ்ட் 17தான். ஆனால் வினாவில் பெர்னார்டு அப்படிச் சொல்லவில்லை. ஆல்பர்ட் தானாகவே அறிந்திருக்கிறான். ஒன்றைப் பிறர் சொல்லி அறிவதற்கும், சொல்லாமலேயே உறுதியாக அறிவதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு பெண்ணின் பிறந்தநாளை ஒரு மாதம் தள்ளிவிடுகிறது!

இந்த வகைப் புதிர்களுக்கு ஒரு பாட்டி உண்டு. ஆங்கிலக் கணித அறிஞர் லிட்டில்வுட், 1913இல் நம் இராமானுஜன் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை ஹார்டியுடன் சேர்ந்து ஆராய்ந்தவர். அவர் 1953இல் வெளியிட்ட ஒரு நூலில் இது வருகிறது. இரயில் பெட்டியில் மூன்று பெண்கள். மூவர் முகத்திலும் அழுக்கு. மூவரும் சிரிக்கிறார்கள், மற்ற இருவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று ஒவ்வொருத்தியும் நினைக்கிறாள். திடீரென்று ஒருத்தி நினைத்துப் பார்க்கிறாள்: என் முகம் சுத்தமாக இருந்தால், இரண்டாமவள் என்ன எண்ணுவாள்? ‘இந்த மூன்றாமவள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்? முதலாமவள் முகம்தான் சுத்தமாயிற்றே. அப்படியானால் என்னைப் பார்த்துத்தான்’ என்று எண்ணி உடனே சிரிப்பை நிறுத்தியிருப்பாள். நிறுத்தவில்லையே! ஐயோ, என் முகத்திலும் அழுக்கு! கண்ணாடி இல்லாமல் தன் முகத்தைப் பார்த்துக்கொண்ட பெண் அவள்.

இதை எங்கள் பேராசிரியர் வகுப்பிலேயே நடத்திக் காட்டினார். ஐந்து பேரை முன்னால் அழைத்து வட்டமாக நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னார். ஒவ்வொருவர் நெற்றியையும் விரலால் தொட்டார். சிலர் நெற்றியில் பச்சை நிறச் சாக்பீஸ் தூள். சிலர் நெற்றியில் வெறும் விரல். கண்ணைத் திறந்தோம். ஐவரில் நானும் ஒருத்தி. எனக்கு எதிரே இரண்டு நெற்றிகளில் பச்சை தெரிந்தது. “உங்கள்ல ஒருத்தருக்காவது பச்சை இருக்கு. நான் கை தட்டுற ஒவ்வொரு தடவையும், தனக்கு இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்சவங்க மட்டும் கை தூக்கணும். குத்துமதிப்பாத் தூக்கக் கூடாது. பேசக் கூடாது” என்றார்.

முதல் முறை ஆட்டம் கெட்டது. இரண்டாம் தட்டிலேயே ஒரு நண்பர் கையைத் தூக்கிவிட்டார். எதிரே நின்றவர் உதட்டைக் கடித்ததைப் பார்த்து அவருக்குச் சந்தேகமாம். அவர் நெற்றியில் பச்சை இருந்தது உண்மைதான். ஆனால் காலத்துக்கு முந்தி உயர்ந்த அந்த ஒரு கை, மற்ற நால்வர் கணக்கையும் குழப்பிவிட்டது. எல்லாரும் சரியாக எண்ணுவார்கள் என்று எல்லாரும் நம்பினால்தான் இந்த ஆட்டம் நடக்கும். வாழ்க்கையில் அது நடக்காது என்று வாதிடுவோர் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மறுபடியும் கண்ணை மூடி, மறுபடியும் திறந்தோம். இம்முறையும் எனக்கு எதிரே இரண்டு பச்சை. முதல் தட்டு, ஒரு கையும் இல்லை. இரண்டாம் தட்டு, இல்லை. அப்போது நான் எண்ணினேன்: என் நெற்றி வெறும் நெற்றி என்றால், பச்சை உடைய அந்த இருவரும் தமக்கு எதிரே ஒரே ஒரு பச்சையைத்தான் காண்பார்கள். முதல் தட்டில் யாரும் கை தூக்காததைக் கண்டு, ‘எதிரே இருப்பவர் மட்டுமே என்றால் அவர் உடனே தூக்கியிருப்பாரே, அப்படியானால் எனக்கும் உண்டு’ என்று இரண்டாம் தட்டில் இருவரும் தூக்கியிருப்பார்கள். தூக்கவில்லை. மூன்றாம் தட்டில் நான் தூக்கினேன். அதே நொடியில் அந்த இருவரும் தூக்கினார்கள். வகுப்பே கை தட்டியது. பச்சை இருவர்க்கு என்றால் இரண்டாம் தட்டு, மூவர்க்கு என்றால் மூன்றாம் தட்டு, நூறு பேர்க்கு என்றால் நூறாம் தட்டு. கை வலிக்குமே தவிரக் கணக்குப் பிசகாது.

என் இடத்துக்குத் திரும்பியபின் எனக்கு ஒன்று உறுத்தியது. எழுந்து கேட்டேன். “சார், நாங்க அஞ்சு பேருமே ஏற்கெனவே பச்சையக் கண்ணால பாத்துட்டோம். ‘ஒருத்தருக்காவது இருக்கு’ன்னு நீங்க சொன்னதுல புதுசா என்ன சார் இருக்கு?”

பேராசிரியர் சிரித்தார். “புதுசா ஒண்ணும் இல்லைன்னா, நான் சொல்லாமயே ஆடிப் பாப்போமா?” என்றார். ஆடிப் பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டிக்கொண்டே இருந்தார். பத்துத் தட்டு ஆயிற்று. ஒருவராலும் உறுதியாகக் கை தூக்க முடியவில்லை. “ரெண்டே பேருன்னு வச்சு யோசிச்சிட்டு வாம்மா” என்று சொல்லி மணியடித்ததும் போய்விட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. விடுதியிலிருந்து ஊருக்குப் போகும் பேருந்தில், மானாமதுரை வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு போனேன். இரண்டே பேர், இருவர் நெற்றியிலும் பச்சை. ‘ஒருவர்க்காவது உண்டு’ என்பது எனக்குத் தெரியும், எதிரே பார்க்கிறேனே. அவளுக்கும் தெரியும், அவள் என்னைப் பார்க்கிறாளே. ஆனால் அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியுமா? தெரியாது! என் நெற்றி வெறும் நெற்றியாக இருக்கலாம் என்றுதானே நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் அவள் கண்ணுக்குப் பச்சையே தெரிந்திருக்காது. ஆக, செய்தி இருவரிடமும் இருக்கிறது. செய்தி மற்றவரிடம் இருக்கிறது என்னும் செய்திதான் இருவரிடமும் இல்லை. பேராசிரியர் எல்லார் காதிலும் விழும்படி ஒருமுறை சொன்னதும் அது வந்துவிடுகிறது. மூவர் என்றால் இன்னும் ஒரு படி கூடும்: அவளுக்குத் தெரியும் என்பது இவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிய வேண்டும். அவர் ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியே குசுகுசுவென்று அதே செய்தியைச் சொல்லியிருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது. எல்லாரும் கேட்க, எல்லாரும் கேட்பதை எல்லாரும் பார்க்கச் சொன்னதுதான் சங்கதி.

பின்னால் நூலகத்தில் தேடியபோது, பெரிய தலைகள் எல்லாம் இதில் உழன்றிருப்பது தெரிந்தது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1969இல் இதைத் தம் நூலில் ஆராய்ந்தார். இராபர்ட் ஆவுமன் 1976இல் இதற்குக் கணித உருவம் கொடுத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். 2005இல் பொருளியல் நோபல் பரிசைத் தாமஸ் ஷெல்லிங்குடன் பகிர்ந்துகொண்டவர் அவர்தான். ஒரே நம்பிக்கையில் தொடங்கிய இருவர், வெவ்வேறு செய்திகளைக் கேட்டு வெவ்வேறு முடிவுக்கு வந்திருக்கலாம். ஆனால் அவர் முடிவு இவருக்கும் இவர் முடிவு அவருக்கும் இப்படி ஒளிவுமறைவின்றி வெளிப்பட்டபின், நேர்மையாக எண்ணும் இருவரும் கருத்து வேறுபட்டு நிற்க முடியாது என்று அவர் நிறுவியிருக்கிறார். எங்கள் ஊர்த் திண்ணைக்கு அவர் வந்ததில்லை போலும்.

இந்த அறிவுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? ‘பொது அறிவு’ என்று சொல்லலாம் என்றால், அது தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கிற நாடும் தலைநகரமும் ஆகிவிடுகிறது. ‘ஊரறிந்த இரகசியம்’ என்று நம்மவர் சொல்வது இதற்கு நேர் எதிர்: ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. அந்த இரகசியம் உடைந்து ‘பகிரங்கம்’ ஆகிறது என்கிறோமே, அந்தச் சொல் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பகிரங்க அறிவு. வேறு நல்ல சொல் தமிழ்த் துறை நண்பர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

இனி, எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பத்தாவுக்கு எழுபத்து நான்கு வயது. கைநாட்டு. சென்ற ஆண்டு பொங்கலின்போதே சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு இட்லியும் இறங்கவில்லை, கஞ்சிதான். அப்பா மதுரைக்கு ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, உணவுக்குழாயில் புற்று, முற்றிவிட்டது, இந்த வயதில் இனி அறுக்கவும் முடியாது என்று அப்பாவைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா வெளியே வந்து, “குடல்புண்ணுதான் ஆத்தா, மருந்து சாப்பிட்டா ஆறிப்போகும்” என்றார்.

அன்றிரவே அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். மறுநாள் சித்தப்பாவிடம், “உன்னோட வச்சுக்க” என்று சொன்னார். சித்தப்பா திருப்பூரில் இருக்கும் அத்தைக்குத் தொலைபேசியில், “அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்” என்று சொன்னார். அம்மா விடுதிக்கு எனக்குப் பேசி அழுதுவிட்டு, “நான் சொன்னேன்னு அப்பாகிட்டக் காட்டிக்கிறாத” என்றாள். ஆக, வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தனித்தனியே காதில்தான் சொல்லப்பட்டது. எல்லாரும் கூடியிருக்கும்போது குடல்புண்ணைப் பற்றியே பேச்சு. மணத்தக்காளிக் கீரை நல்லது, மோர் நல்லது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டுவார். எனக்கு அந்த வீட்டுக்குள் போகவே பயமாக இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு, வாசலில் கயிற்றுக் கட்டிலில் அப்பத்தா படுத்திருந்தாள். நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், வகுப்பில் நடந்த நெற்றி விளையாட்டைக் கதையாகச் சொன்னேன். அவளுக்கு அழிப்பாங்கதை என்றால் உயிர்; சின்ன வயதில் எனக்கு எத்தனையோ போட்டிருக்கிறாள். கவனமாகக் கேட்டாள். இடையில் இரண்டு முறை நிறுத்தி, “அப்பப் பச்சை இல்லாதவன் என்னன்னு நெனப்பான்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கதை முடிந்ததும், “இதச் சொல்லிக் குடுக்கவா காலேசுல வாத்தியாருக்குச் சம்பளம் குடுக்குறாக?” என்று சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“என் நெத்தியிலயும் இருக்குல்லத்தா?” என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

“குடல்புண்ணுன்னா உங்கப்பன் என் வெத்தலையப் புடுங்கி எறிஞ்சிருப்பான். இருவது வருசமா அதுக்குத்தான என்னையத் திட்டுறான்? மதுரைக்குப் போய்ட்டு வந்த அன்னைக்கு அவனே ஒரு கவுளி வெத்தல வாங்கியாந்து தலமாட்டுல வச்சான். உங்க அத்தை தீவாளிக்குக் கூப்புட்டாலே லீவு இல்லம்பா. இந்த ஒரு மாசத்துல மூணு தடவ வந்துட்டா. வந்தவ ஒரு சண்டையும் போடல. உங்கம்மா என் சீலையக் கேக்காமயே தொவச்சுப் போடுறா. நீ என்னடான்னா, என் மொகத்தப் பாக்காம வானத்தப் பாத்துக்கிட்டுக் கதை சொல்ற.”

அறிக்கையைப் படிக்கத் தெரியாதவள். மருத்துவர் அவளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எதிரே இருந்த நெற்றிகளை மட்டும் பார்த்து, ‘எனக்கு இல்லை என்றால் இவர்கள் இப்படி இருப்பார்களா’ என்று எண்ணி எண்ணி, எத்தனையாவது தட்டிலோ தன் நெற்றியைக் கண்டுகொண்டிருந்தாள். எல்லாரும் சரியாக எண்ணினால்தான் ஆட்டம் நடக்கும் என்றேனே. மற்றவர்கள் சரியாக எண்ணாவிட்டாலும், சரியாக நடிக்கத் தெரியாவிட்டாலே போதும் போலிருக்கிறது.

“அப்பாகிட்டச் சொல்லிருவோமா அப்பத்தா?” என்றேன்.

“வேணாம். அவன் தாங்க மாட்டான்” என்றாள். பிறகு, “ஒரே ஒரு ஆசைதான்” என்றாள். பார்த்திபனூர்ப் பக்கம் அவள் தங்கை இருக்கிறாள். தாய் வீட்டு நகை ஒன்றைப் பற்றிய பேச்சில் மனம் முறிந்து பதினோரு ஆண்டுகளாகப் போக்குவரத்து இல்லை. அவளை ஒருமுறை பார்க்க வேண்டும். “நானா வாயத் தொறந்து கேட்டா, இத்தன வருசம் இல்லாம இப்ப என்ன திடீர்னு கேக்குறான்னு உங்கப்பன் யோசிப்பான். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுக்கிருவான். அதான் பேசாம இருக்கேன்.”

கேட்டதும் எனக்குத் திக்கென்றது. முந்தின வாரம்தான் அம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: “சின்னம்மா வீட்டுக்கு ஒரு நட கூட்டிட்டுப் போகணும்னு அப்பாவுக்கு ஆசை. ஆனா கூட்டிட்டுப் போனா ஆத்தாவுக்குச் சந்தேகம் வந்துருமேன்னு பயப்படுறாரு.” இருவர்க்கும் ஒரே ஆசை. இருவர்க்கும் ஒரே பயம். பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் தட்டிக்கொண்டிருந்தாரே, அந்தப் பத்துத் தட்டும் என் காதில் கேட்டன. ஆனால் இங்கே பத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு தட்டு. அப்பத்தாவிடம் நாள்கள் அதிகமில்லை.

அப்பாவிடம் தனியே போய், “அப்பத்தாவுக்குத் தெரியும்ப்பா” என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும்? அவளுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அப்பாவுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அப்பா அதையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு, இன்னும் சிரத்தையாகக் கீரையைப் பற்றிப் பேசுவார். ஒரு படி ஏறும், அவ்வளவுதான். ஏணிக்கு முடிவு இல்லை. அந்தக் கட்டில் ஓரத்தில் என் கேள்விக்கு முழு விடையும் கிடைத்துவிட்டது.

“யார்கிட்டயும் தனியாச் சொல்லாத அப்பத்தா. சொல்றதா இருந்தா எல்லாரும் இருக்கையில சொல்லு” என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல். அத்தையும் வந்திருந்தாள். எல்லாரும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அப்பத்தா சுவரில் சாய்ந்து கும்பாவில் கஞ்சியை வைத்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தாமல், உப்புக் கேட்பது போலச் சொன்னாள்: “பெரியவனே, சித்திரைக்கு நான் இருக்க மாட்டேன். அதுக்குள்ள என் தங்கச்சியக் கண்ணுல காட்டிரு.”

புதிதாக யாருக்கும் ஒன்றும் தெரிந்துவிடவில்லை. ஆனால் அம்மாவின் கையில் இருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்பா அப்பத்தாவைப் பார்க்கவில்லை, சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அம்மாவைப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் வியப்பு இல்லை. வியப்பு இல்லாததை ஒவ்வொருவரும் பார்த்தார்கள். கடைசியில்தான் அப்பா அவர் ஆத்தாவைப் பார்த்தார். மதுரைக்குப் போய் வந்தபின் அவளை அவர் நேராகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

“எப்பத்தா போகணும்?” என்றார். “நாளைக்கே” என்றாள்.

நடந்தது நல்லதுதான் என்று ஒரேயடியாகச் சொல்ல என்னால் முடியாது. பொய்யாக இருந்தாலும் குடல்புண் அந்த வீட்டில் ஒரு திரையாக இருந்தது. அப்பா அதற்குப் பின்னால் நின்று தைரியமாக இருந்தார். அது விழுந்தபின் அன்று மாலை கொல்லைப்புறம் போய், கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். காதில் சொல்லியே காலத்தை ஓட்டுகிற குடும்பங்கள் அறிவில்லாதவை அல்ல. அவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆனால் எங்கள் கணக்கில் தங்கையின் வீடு விடுபட்டுப் போயிருக்கும். அப்பத்தா தான் சொன்ன சித்திரையைத் தாண்டி வைகாசி நடு வரைக்கும் இருந்தாள். அந்த நாள்களில் அப்பாவும் அவளும் வயல் வரப்பு, கொடுக்கல் வாங்கல், கருமாதிக்கு யார் யாரை அழைப்பது என்று எல்லாவற்றையும் பேசினார்கள். சில நேரம் சண்டையும் போட்டார்கள். வெற்றிலைக்கு மட்டும் அவர் திட்டவே இல்லை.

திங்கட்கிழமை நான் கல்லூரிக்கு வரவில்லை. வாடகைக் கார் ஒன்று பேசி அப்பா, அத்தை, நான் மூவரும் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு பார்த்திபனூர்ப் பக்கம் போனோம். சொல்லாமல் கொள்ளாமல் போனால் என்ன நினைப்பார்களோ என்று வழியெல்லாம் அப்பாவுக்குக் கவலை. தெருமுனையில் கார் திரும்பும்போதே சின்ன அப்பத்தா வாசலுக்கு வந்துவிட்டாள். அப்பத்தாவைப் போலவே மெலிந்த உருவம். அதே காது, அதே தண்டட்டி. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், எங்களில் ஒருவரையும் கவனிக்கவில்லை.

“மூணு வாரமாச்சுக்கா, எனக்குத் தெரிஞ்சு” என்றாள். “பையில துணிகூட எடுத்து வச்சுட்டேன். நான் வந்து நின்னா ஒனக்குத் தெரிஞ்சுபோயிருமேன்னுதான் வரல.”

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். யார் சொல்லியிருப்பார்கள் என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

“அடி போடி இவளே” என்றாள் அப்பத்தா. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இருவரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். சின்ன அப்பத்தா வெற்றிலைப் பெட்டியை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து அக்காவின் கையில் கொடுத்தாள். அப்பத்தா அதை வாயில் போட்டாள். விழுங்க முடியாது; கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, தங்கை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.